“தேவையான அளவு” என்றால் எவ்வளவு?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 33 வயது, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். நாங்கள் சைவம். இதுவரை வீட்டில் அம்மாதான் சமையல். இரண்டு மாதம் முன்பு அவருக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது, அடுப்படியில் அதிக நேரம் நிற்க முடியவில்லை. பத்து வருடமாகச் சர்க்கரையும் உண்டு. மனைவி நர்ஸ், ஷிப்ட் வேலை. ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. ஆகவே சமையல் இப்போது பெரும்பாலும் என் கையில். யூடியூப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, ஈரக் கையோடு போனைத் தொடுவதே பெரிய தொல்லை. ஆரோக்கியச் சமையல் என்று அட்டையில் போட்ட மூன்று புத்தகங்களை ஆன்லைனில் வாங்கினேன். எல்லாமே குயினோவா, சியா விதை, அவகாடோ என்று போகிறது. ஆசைக்கு வாங்கிய ஒரு குயினோவா பாக்கெட் பிரிக்காமல் கிடக்கிறது. தினசரிக்கு எளிமையாக, உடம்புக்கு நல்லதாக ஒரு சைவச் சமையல் புத்தகம் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று போதும்.

பதில்: தம்பி, கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒன்றே ஒன்று போதும் என்கிறீர்கள், அந்த ஒன்று கடையில் இல்லை. கோபப்படாதீர்கள், அது உங்கள் வீட்டுக்குள்ளேயே நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் கடைப் புத்தகங்களில் எதை எடுப்பது, எதை வைத்துவிட்டு வருவது என்பதைப் பேசிவிடலாம்.

முதலில் என் கதை ஒன்று. கல்யாணமான புதிதில் எனக்கும் ஒரு சமையல் புத்தகம் பரிசாக வந்தது. உணவியல் படித்தவள், ஆஸ்பத்திரியில் முந்நூறு பேருக்கு டயட் எழுதுகிறவள், ஆனால் சொந்தமாக ஒரு வத்தக்குழம்பு வைத்ததில்லை. புத்தகத்தில் ‘எலுமிச்சை அளவு புளி’ என்று போட்டிருந்தது. எந்த எலுமிச்சை? எங்கள் வீட்டில் அன்று கிடந்தது நாட்டு மரத்துப் பழம், ஏறக்குறைய சாத்துக்குடியில் பாதி. பார்த்துப் பார்த்து அதே அளவு உருட்டிப் போட்டேன், அதுவும் கறுத்துப்போன பழம்புளி. ஒரு வாய் வைத்த மாமனார் ஒன்றும் சொல்லாமல் தயிர்ச் சட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அடுத்த வரியில் ‘உப்பு தேவையான அளவு’, அதற்கும் அடுத்த வரியில் ‘எண்ணெய் தேவையான அளவு’. தேவையான அளவு எவ்வளவு என்று தெரிந்திருந்தால் நான் ஏன் புத்தகம் பார்க்கப் போகிறேன்?

அன்றிலிருந்து எந்தச் சமையல் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் அட்டையைப் பார்ப்பதில்லை, முன்னுரையைப் படிப்பதில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு அயிட்டத்தின் பக்கத்தைத் திறப்பேன். உங்களுக்கு அது ரசமாக இருக்கலாம், பீன்ஸ் பொரியலாக இருக்கலாம். இந்த ரெண்டு மாதத்தில் நீங்கள் பத்துத் தடவையாவது செய்து, நாலு தடவை சொதப்பி, இப்போது கை பழகிவிட்ட ஏதோ ஒன்று. அந்தப் பக்கத்தில் எத்தனை பேருக்கு என்று போட்டிருக்கிறதா, எண்ணெய் ஸ்பூன் கணக்கில் இருக்கிறதா, பருப்பு கிராமிலோ டம்ளரிலோ இருக்கிறதா, நீங்கள் சொதப்பிய இடம் எதுவோ அந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். ரசம் என்றால் நுரை கட்டியதும் இறக்கு, கொதிக்க விடாதே என்று எழுதியிருக்க வேண்டும். அது இல்லாமல் ‘கொதித்ததும் இறக்கிப் பரிமாறவும்’ என்றிருந்தால், எழுதியவர் அடுப்பு முன்னால் நின்று எழுதவில்லை, வேறு எங்கிருந்தோ எடுத்து எழுதியிருக்கிறார். தெரிந்த அயிட்டத்திலேயே இப்படி என்றால் தெரியாததில் அவர் உங்களைக் காப்பாற்றுவார் என்று எப்படி நம்புவது?

அட்டையில் ‘ஆரோக்கியம்’ என்று போட்டிருப்பதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. அதை யாரும் பரிசோதித்து முத்திரை குத்திக் கொடுப்பதில்லை. 2023ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் அறிவித்தது, சாமை பிஸ்கெட், வரகு பாயசம், தினை அல்வா என்று புத்தகங்கள் குவிந்தன. சிறுதானியம் நல்லதுதான், நார்ச்சத்து அதிகம், நானும் சாப்பிடுகிறேன். ஆனால் வரகுப் பொங்கலும் மாவுச்சத்துதான், அம்மா அதை அரிசிப் பொங்கலைப் போல ரெண்டு கரண்டி கூடச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அதே போல ‘சர்க்கரை சேர்க்காத இனிப்பு’ என்று தலைப்பு போட்டுவிட்டு உள்ளே நாட்டுச்சர்க்கரை, தேன், பேரீச்சை என்று அடுக்கும் புத்தகங்கள். வெல்லத்துக்கும் சீனிக்கும் சர்க்கரை ஏறுகிற விஷயத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இந்த ஒரு பக்கத்தை வைத்தே அந்தப் புத்தகத்தை எடை போட்டுவிடலாம். நோயைக் குணமாக்கும் சமையல் என்று அட்டையில் போட்டிருந்தால், அதை எடுக்கக் கைகூட நீட்ட வேண்டாம்.

சரி, பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். தமிழில் சைவச் சமையல் என்றால் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் பாகம் 1951ல் வந்தது, இன்னமும் விற்கிறது. சமைக்கவே தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பது போல எழுதியிருப்பார். பழைய பதிப்பு கையில் கிடைத்தால் அளவுகளைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். கிலோ கணக்கு நம் நாட்டில் நடைமுறைக்கு வரத் தொடங்கியதே 1958ல்தான், அதற்கு முன்பு படி, ஆழாக்கு, ரூபாய் எடை. ஒரு ஆழாக்கு 168 மில்லி, எட்டு ஆழாக்கு ஒரு படி, ஒரு ரூபாய் எடை சுமார் 12 கிராம். இதை முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. அதில் இருப்பது பெரும்பாலும் தமிழ் பிராமண வீட்டுச் சமையல். உங்கள் ஊர்க் கொள்ளுப் பருப்பையும் அரிசிம்பருப்புச் சாதத்தையும் நினைத்துக்கொண்டு திறந்தால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் கூட்டு, பொரியல், ரசம், துவையல் என்று அடிப்படை பழக அதைவிட நிதானமான வாத்தியார் கிடைப்பது கஷ்டம்.

அடுத்தது மல்லிகா பத்ரிநாத்தின் மெல்லிய புத்தகங்கள். ஒவ்வொன்றும் ஒரு வகைச் சமையலை எடுத்துக்கொண்டு போகும், தேவையானதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் பரணில் தேடிப் பாருங்கள், அம்மா சேர்த்து வைத்திருந்தால் பெண்கள் பத்திரிகைகளோடு வந்த ‘30 வகை’ இணைப்புகளும் இருக்கும். அதில் பத்துக்கு ஏழு விருந்தாளிக்குச் செய்கிற அயிட்டம், மூன்று நமக்கு உதவும். இதெல்லாம் காசு போட்டு வாங்குவதற்கு முன்னால் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு வைக்கும் டூயி முறையில் அடுக்கிய நூலகமாக இருந்தால் 641.5 என்ற எண்ணில் சமையல் அத்தனையும் ஒரே தட்டில் இருக்கும். ரெண்டு புத்தகம் எடுத்து வந்து பதினைந்து நாள் சமைத்துப் பார்த்துவிட்டு, எந்தப் புத்தகத்தில் எண்ணெய்க்கறை அதிகம் பட்டதோ அதையே சொந்தமாக வாங்குங்கள் (நூலகப் புத்தகத்தில் கறை படியாமல் பார்த்துக்கொள்ளவும், மேலே ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டுக்கொள்ளுங்கள்).

இப்போது என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். சமையல் புத்தகம் ருசியைச் சொல்லும், ஒரு நாளைக்கு எதை எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதைச் சொல்லாது. அதற்கு ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியைப் பாருங்கள், ஆங்கிலத்தில் இருக்கிறது, இணையத்தில் இலவசம். முழுக்கப் படிக்க வேண்டாம், அதில் இருக்கும் தட்டுப் படம் போதும். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85, காய்கறியும் கீரையுமாக 400, பழம் 100, கொட்டைகளும் எண்ணெய் வித்துகளும் 35, எண்ணெய் நெய் 27 கிராம், பால் தயிர் 300 மில்லி. எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை.

இதை வைத்து உங்கள் மளிகைச் சீட்டைப் பார்க்கலாம், வாருங்கள். கணக்குப் பார்க்கிறவர் நீங்கள், உங்களுக்கு இது பிடிக்கும். மூன்று பெரியவர்கள், குழந்தையை அரை ஆளாக வைத்துக்கொண்டால் மூன்றரை ஆள். ஆளுக்கு 85 கிராம் என்றால் ஒரு நாளைக்கு வீட்டுக்கு 300 கிராம் பருப்பு பயறு, மாதத்துக்கு 9 கிலோ. துவரை, பாசி, உளுந்து, கொள்ளு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் சேர்த்துத்தான். உங்கள் வீட்டுச் சீட்டில் எவ்வளவு இருக்கிறது? நான் கேட்ட பெரும்பாலான சைவ வீடுகளில் நாலு கிலோவைத் தாண்டுவதில்லை. சாம்பார் வைக்கிறோமே மேடம் என்பார்கள். நாலு பேர் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் ஆளுக்கு 25 கிராம், அதில் புரதம் அஞ்சு, அஞ்சரை கிராம். இட்லி மாவிலும் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்குதான் உளுந்து. எனவே நீங்கள் தேடுகிற புத்தகத்தில் சாம்பார் முப்பது வகை இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். அடை, சுண்டல், பருப்பு உசிலி, கூட்டு, பாசிப்பயறு தோசை, பயறு கடைசல், இந்தப் பக்கங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். இருபதுக்குக் குறைந்தால் அது பலகாரப் புத்தகம்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அம்மாவுக்குப் பத்து வருடச் சர்க்கரை என்கிறீர்கள். அவருக்குப் பருப்பைக் கூட்டுவதற்கு முன்னால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினினும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதும் பார்த்திருக்க வேண்டும். சிறுநீரகம் சரியாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம், அறுவை சிகிச்சைக்குப் பிறகு தசை தேறப் புரதம் அவசியம். சிறுநீரகத்தில் பிரச்சினை இருந்தால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நானோ புத்தகமோ இல்லை. அவர் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் வைட்டமின் பி12ஐயும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அந்த மாத்திரை பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும், சைவக்காரர்களுக்கு அது பால், தயிர் வழியாகத்தான் கிடைக்கிறது, ரெண்டும் சேர்ந்தால் பற்றாக்குறை சுலபமாக வந்துவிடும். எந்தச் சமையல் குறிப்பாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

எண்ணெய்க்கும் அதே கணக்குதான். 27 கிராம், மூன்றரை ஆள், முப்பது நாள் என்றால் மாதம் ஏறக்குறைய மூன்று லிட்டர், நெய்யும் பலகாரம் பொரித்த எண்ணெயும் உட்பட. இதை ஸ்பூனால் அளந்து யாரும் சமைக்க மாட்டார்கள், நானும் செய்வதில்லை. நான் செய்வது இது: புது எண்ணெய் பாக்கெட்டை வெட்டும்போது அன்றைய தேதியைக் காலண்டரில் ‘எ’ என்று போட்டுச் சுழித்துவிடுவேன். உங்கள் வீட்டில் ஒரு லிட்டர் பத்து நாள் ஓட வேண்டும். ஆறாவது நாளே அடுத்த பாக்கெட்டை வெட்டினால் எங்கேயோ கை நீளுகிறது என்று அர்த்தம், பெரும்பாலும் அது தாளிப்பில் இருக்காது, உருளைக்கிழங்கு வறுவலில் இருக்கும். இன்னொன்று, சமையல் புத்தகத்தில் ‘எண்ணெய் பிரிந்து மேலே வரும் வரை வதக்கவும்’ என்ற வரி பக்கத்துக்குப் பக்கம் வந்தால் அது ஞாயிற்றுக்கிழமைக்கான புத்தகம், தினசரிக்கு இல்லை. எண்ணெய் மேலே மிதக்க வேண்டுமென்றால் முதலில் அவ்வளவு ஊற்றியிருக்க வேண்டுமே.

காய்கறி பற்றி நீட்ட வேண்டாம், 400 கிராமுக்கு ஒரு பொரியல் போதாது, மதியம் ஒன்று ராத்திரி ஒன்று வேண்டும், அவ்வளவுதான். கீரை வாரத்தில் மூன்று நாளாவது. மனைவி நைட் ஷிப்ட் முடித்து வந்து சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிறவராக இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள், கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேராமல் டீ தடுத்துவிடும். எலுமிச்சை அதற்கு நேர் எதிர், அதிலிருக்கும் வைட்டமின் சி இரும்புச்சத்து சேர உதவும். சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழியுங்கள், கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சியில் ஒரு பங்கு வீணாகும்.

இப்போது நாற்காலியில் இருக்கும் புத்தகத்துக்கு வருவோம். அம்மாவால் நிற்கத்தானே முடியவில்லை, உட்கார்ந்து பேச முடியும். சில நூறு ரூபாய்க்குச் சமையலறை எடை மெஷின் கிடைக்கிறது, ஒன்று வாங்குங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவை மேசைப் பக்கம் உட்கார வைத்து, எப்போதும் சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு எடுப்பாரோ அதைக் கையால் எடுத்து மெஷினில் போடச் சொல்லுங்கள். ‘ஒரு கை’ என்பார், அந்த ஒரு கை 42 கிராமா 55 கிராமா என்று அப்போது தெரியும். அதே போலக் கொத்தமல்லி, மிளகாய், ஒரு உருண்டை புளி, அவர் போடும் ஒரு சிட்டிகை உப்பு. எடையை நோட்டில் எழுதுங்கள். ‘பச்சை வாசனை போகும் வரை’ என்று அவர் சொன்னால் விடாதீர்கள், அடுப்பில் வைத்துக்கொண்டே கடிகாரத்தைப் பாருங்கள், அது எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். நேரம், அளவு, எந்தப் பாத்திரம், அடுப்பு பெரிதா சின்னதா, எந்தக் குக்கரில் எத்தனை விசில், அத்தனையும். என் அனுபவத்தில் ஒரு உட்காரலில் மூன்று அயிட்டத்துக்கு மேல் தாங்காது, அம்மாவுக்கு எரிச்சல் வந்துவிடும், இதையெல்லாம் எழுதுவானா ஒருத்தன் என்பார். நாலு ஞாயிறில் பன்னிரண்டு அயிட்டம். தினசரிக்குப் பன்னிரண்டு தாராளம், சாதாரண வீட்டில் மாறி மாறி வருவது அதற்கும் குறைவுதான்.

எழுதி முடித்த பிறகு அந்தப் பன்னிரண்டில் மட்டும் கை வையுங்கள். உதாரணத்துக்கு உங்கள் ஊர் அரிசிம்பருப்புச் சாதம். ஒரே குக்கர், ஒரே வேலை, ஷிப்ட் வீட்டுக்கென்றே கண்டுபிடித்தது போல இருக்கும். வழக்கமாக ரெண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு போடுவார்கள். அதை ஒன்றரை டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் பருப்பு என்று மாற்றுங்கள், சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு அப்படியே இருக்கட்டும், ஒரு கைப்பிடி அவரைக்காயோ முருங்கைக்கீரையோ உள்ளே போகட்டும். தண்ணீர் அரை டம்ளர் கூடப் பிடிக்கும். நெய் தட்டில் ஊற்றும்போது ஆளுக்கு ஒரு டீஸ்பூன். தொட்டுக்கொள்ள அப்பளத்துக்குப் பதில் வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி. அம்மா தட்டில் சாதம் ஒரு கரண்டி, பச்சடியும் பொரியலும் ரெண்டு மடங்கு. குழந்தை தட்டில் மிளகாயை மட்டும் பொறுக்கிவிடுங்கள். இதற்கு மேல் ‘டயபெட்டிக் சமையல்’ என்று தனியாக ஒரு புத்தகம் எதற்கு?

கடையில் வாங்கும் புத்தகம் அப்புறம் சும்மா இருக்காது, நோட்டில் இல்லாததற்கு உதவும். மார்க்கெட்டில் முள்ளங்கி மலிவாகக் கிடைத்த அன்று, அம்மா செய்யாத ஒரு கூட்டைத் தேடிப் பார்க்கலாம். செய்து பார்த்து வீட்டில் எல்லோரும் ரெண்டாம் தடவை கேட்டுச் சாப்பிட்டால், பதிமூன்றாவதாக நோட்டில் ஏற்றிவிடுங்கள். அப்போது புத்தகத்தில் போட்டிருந்த எண்ணெயையும் நீங்கள் ஊற்றியதையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள், முதலுக்கும் ரெண்டுக்கும் பெரும்பாலும் பாதி வித்தியாசம் இருக்கும்.

அந்தக் குயினோவா பாக்கெட்டைத் தூக்கிப் போட வேண்டாம், காசு கொடுத்தாயிற்று. சல்லடையில் கொட்டி மூன்று நாலு தண்ணீரில் நன்றாக அலசுங்கள், மேல் தோலில் ஒரு கசப்பு உண்டு, அது போக வேண்டும். அப்புறம் கடுகு, கறிவேப்பிலை, பச்சைமிளகாய், கேரட், பட்டாணி போட்டு ஒரு பங்குக்கு ரெண்டு பங்கு தண்ணீர் வைத்து உப்புமா மாதிரி கிளறிவிடுங்கள். குழந்தையிடம் பெயரைச் சொல்லாதீர்கள், ரவை என்று நினைத்தே சாப்பிடட்டும். பாக்கெட் தீர்ந்ததும் திரும்ப வாங்க வேண்டாம், அந்தக் காசுக்கு ரெண்டு கிலோ கொள்ளு வரும்.